நாற்பத்தொரு டிகிரி

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள், இன்ஜின் சூடு காலைப் பொசுக்கிவிடும். ஜன்னல் பக்கம் வாருங்கள், நான் நகர்ந்துகொள்கிறேன். இல்லை, இந்தப் பையை மேலே வைக்க முடியாது. உள்ளே உடைகிற சாமான் இருக்கிறது. மடியிலேயே இருக்கட்டும்.

என் கன்னத்தைத்தானே பார்க்கிறீர்கள்? பாருங்கள், பரவாயில்லை. சூலூரில் ஏறினதிலிருந்து கண்டக்டர் முதல் எல்லோரும் பார்த்தாயிற்று. புருஷன் அடித்தது என்று நினைத்திருப்பீர்கள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இது என் தம்பி அடித்தது. கையால் அடித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. வலது பக்கம் அவனுக்கு மணிக்கட்டோடு சரி. இடது பக்கம் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். அந்த வலது பக்கத்துத் துணிக்கட்டோடு ஓங்கி அடித்தான். கட்டையும் மீறி ரத்தம் கசிந்துவிட்டது. என் கன்னத்தில் பட்ட ரத்தம் என்னுடையதா அவனுடையதா என்று துடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவனுடையதுதான்.

நீங்கள் டீச்சரா? கண்ணாடியையும் பையையும் பார்த்தால் அப்படித் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்தவர்கள் மேல் எனக்கு இப்போது நல்ல எண்ணம் இல்லை. நான் ஆறாவதோடு நின்றவள். அம்மா செத்தபோது இவனுக்கு இரண்டு வயது, எனக்குப் பதினொன்று. இடுப்பில் தூக்கிக்கொண்டேன், அவ்வளவுதான், பள்ளிக்கூடம் முடிந்தது. குப்புராஜ் என்று பேர். நான்தான் வளர்த்தேன். அடித்துத்தான் வளர்த்தேன், பொய் சொல்லமாட்டேன். கரண்டி, துடைப்பம், கையில் எது கிடைக்கிறதோ அது. ஒரு நாள்கூடத் திருப்பிக் கை ஓங்கினதில்லை அவன். முந்தாநாள்தான் முதல் தடவை. அதுவும் கை போன பிறகு.

நான் எதற்கு அடிவாங்கினேன் என்று நீங்களே சொல்லுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன், கோயமுத்தூர் போய்ச் சேர நேரம் இருக்கிறது.

நான் வேலை செய்தது ஒரு போர்டு கம்பெனியில். பெரிய இடம் இல்லை, இருபது பெண்கள், ஒரு முதலாளி. பவர் பிரஸ்ஸுக்கு உள்ளே வைக்கிற எலக்ட்ரானிக் போர்டு செய்கிற இடம். பவர் பிரஸ் பார்த்திருக்கிறீர்களா? மோட்டாருக்கு உள்ளே அடுக்குகிற தகட்டை வெட்டுகிற மிஷின். நாற்பது டன் எடை ஒரே அடியாக இறங்கும். அது இறங்கும்போது ஆளின் கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே எப்படி இருக்கும்? அந்தக் காவலைச் செய்வது எங்கள் போர்டு. பதினான்கு வருஷம் அதில் ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். என் கை வைத்த போர்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அதே சந்தில் நாலு கதவு தள்ளி ஒரு பிரஸ் பட்டறை. குப்புராஜுக்கு அங்கேதான் வேலை. அவன் மிஷின் அடிக்கிற சத்தம் என் மேஜைக்குக் கேட்கும். டக், ஒரு மூச்சு, டக், ஒரு மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வேன். கொஞ்ச நேரம் நின்றால் என் கையும் நின்றுவிடும். பீடி குடிக்கப் போனானா, பாத்ரூம் போனானா, இல்லை வேறு எதுவுமா? மறுபடி டக் என்றால்தான் எனக்கு மூச்சு வரும். நான் அப்படிப்பட்ட ஆள். எதற்கும் பயப்படுவேன்.

ஒரு தடவை சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன், இடது பட்டனைச் சைக்கிள் ட்யூபால் கட்டி வைத்திருந்தான். ஒரு கையால் பட்டன், ஒரு கையால் தகடு, வேலை வேகமாக ஓடும். எல்லாப் பட்டறையிலும் செய்கிறார்கள். அங்கே கூட்டிக்கொண்டிருந்தவளின் விளக்குமாற்றைப் பிடுங்கி, பத்து ஆம்பிளைகள் எதிரில் அவனை அடித்தேன் பாருங்கள், காது கிழிந்து ரத்தம் வந்தது. "போதும் அக்கா, இனிமே கட்டமாட்டேன் அக்கா" என்று அழுதான். முப்பது வயதில் அழுதான். அதற்குப் பிறகு அவன் கட்டவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கட்டவில்லை.

போன வருஷம் மாசியில் எங்கள் கம்பெனிக்கு அஸ்வத் என்று ஒரு இன்ஜினியர் வந்தான். இருபத்தாறு வயது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒரு பெரிய பிரஸ் கம்பெனி எங்கள் போர்டை வாங்குவதாகச் சொன்னதாம். ஆனால் ஒரு காகிதம் கேட்டதாம். ஆயிரம் போர்டு மாட்டினால் வருஷத்துக்கு எத்தனை கெடும்? அதைக் கணக்குப் போட்டுக் கொடு என்று.

நான் அவனைக் கேட்டேன், "கெடறதுக்கு முந்தியே எத்தனை கெடும்னு எப்படிங்க சார் தெரியும்?"

"ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு நம்பர் இருக்குது நாச்சம்மாக்கா. கெப்பாசிட்டருக்கு ஒண்ணு, ரிலேவுக்கு ஒண்ணு, டிரான்சிஸ்டருக்கு ஒண்ணு. எல்லாத்தையும் கூட்டணும். ஆனா அந்த நம்பர் சூட்டுக்குத் தகுந்த மாதிரி மாறும். பத்து டிகிரி ஏறுச்சுன்னா பாதி ஆயுசு போயிரும்னு வச்சுக்கங்க. இன்னும் பத்து ஏறுனா அதுலயும் பாதி."

"அப்ப ஏ.சி. ரூம்ல வச்சா ரொம்ப நாள் வருமுங்க."

"அதேதான். ஆனா நம்ம போர்டு ஏ.சி. ரூம்லயா இருக்கப்போகுது? பிரஸ்ஸுக்குப் பக்கத்துல, தகரப் பெட்டிக்குள்ள, சித்திரை வெயில்ல இருக்கப்போகுது. அந்தச் சூடு எவ்வளவுன்னு தெரியாம நான் கணக்குப் போட்டா அது பொய்க் கணக்கு."

சரியாகத்தான் பேசினான். அதைச் சொல்லிவிட்டு, அந்தச் சூட்டைப் பார்க்கிற வேலையை என் தலையில் கட்டினான். என் தம்பி அங்கே வேலை செய்கிறான், நான் போனால் பட்டறைக்காரர் உள்ளே விடுவார் என்று. பங்குனியிலிருந்து வைகாசி வரை, தினம் மூன்று வேளை, பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று நோட்டில் எழுத வேண்டும். "மிஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே பாருங்கக்கா" என்றான். அதற்கு ஒரு மீட்டரும் கொடுத்தான். புது மீட்டர். நீளமாக ஒரு வயர், நுனியில் ஊசி மாதிரி ஒரு கம்பி. கம்பியைப் பெட்டிக்குள் விட்டு, மீட்டரை வெளியே தொங்கவிட்டால் நம்பர் தானாகத் தெரியுமாம். பார்க்கவே அழகாக இருந்தது. கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள். பிரஸ் பட்டறை எப்படி இருக்கும்? எண்ணெய், இரும்புத் தூள், வெற்றிலை எச்சில். தொடுகிற கையெல்லாம் கிரீஸ். அந்த இடத்தில் அந்த மீட்டரை வைத்தால் ஒரு வாரம் தாங்குமா? உடைந்தால் யார் பதில் சொல்வது? நான்தானே? எனக்குத் தூக்கமே வராது. வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். கம்பெனியில் பழைய கண்ணாடிக் குழாய்த் தெர்மாமீட்டர் ஒன்று கிடந்தது. சூடு சூடுதானே, எதில் பார்த்தால் என்ன? அதை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே போனால் இன்னொரு தொல்லை. அந்தப் பெட்டியின் கதவைத் திறந்தால் மிஷின் தானாக நின்றுவிடும், அப்படி வைத்திருக்கிறார்கள். குழாய்த் தெர்மாமீட்டரைக் கதவைத் திறக்காமல் எப்படிப் பார்ப்பது? திறந்தால் குப்புராஜின் வேலை நிற்கும். அவனுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. பட்டறைக்காரர் பொன்னுசாமி வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிற ஆள். "ஏம்மா நாச்சம்மா, உன்ற தம்பிக்குப் பொட்டியத் தெறந்து காத்து வாங்கறதுக்கா சம்பளம்?" என்று ஒரு நாள் கேட்டும்விட்டார். என்னால் என் தம்பிக்கு ஒரு சொல் வரலாமா?

அதனால் நான் ஒரு யோசனை செய்தேன். காலை டீக்கு மிஷின் நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும். நாலு மணி டீக்கு நிற்கும். நின்ற பிறகு போனேன். கதவைத் திறந்தால் சூடு முகத்தில் அடிக்கும், அடுப்பைத் திறந்த மாதிரி, கண்ணைத் திறக்க முடியாது. கொஞ்சம் ஆறட்டும் என்று குப்புராஜுக்குச் சோறு எடுத்து வைப்பேன். அவன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். நாற்பத்தொன்று. சில நாள் நாற்பது, சில நாள் நாற்பத்திரண்டு. ஒரு நாள்கூட விடவில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். தொண்ணூறு நாள், மூன்று வேளை, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். ஒரு நம்பர்கூட என் கையிலிருந்து போட்டதில்லை. எது தெரிந்ததோ அது.

நோட்டைப் பார்த்துவிட்டு அஸ்வத் புருவத்தை உயர்த்தினான். "நாற்பத்தொண்ணுதானாக்கா? சித்திரையிலயுமா?"

"ஏன் சார், என்ற கண்ணு அவிஞ்சு போச்சுங்களா? நம்பிக்கை இல்லைன்னா நீங்களே போய்ப் பாக்கறது."

"அதுக்குச் சொல்லலீங்கக்கா…" என்று இழுத்தான். போகவில்லை. பட்டறை எண்ணெய் நாற்றம் அவன் சட்டைக்கு ஆகாது. நாற்பத்தொன்றை வைத்தே கணக்குப் போட்டான். ஆயிரத்துக்கு இரண்டு என்று வந்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஐந்துக்கு மேல் வந்திருந்தால் காவலுக்கு இரண்டாவது ரிலே ஒன்று, அதாவது முதல் ரிலே கெட்டாலும் மிஷினை இறங்கவிடாமல் பிடிக்கிற இன்னொரு சுவிட்ச், போர்டில் வைத்திருக்க வேண்டுமாம், பெட்டிக்கு ஒரு சின்ன ஃபேனும். இரண்டுதான் வந்ததால் இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பழைய போர்டில் இரண்டாவது ரிலே இருந்தது. புதுசில் அந்த இடம் காலி. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். "நாச்சம்மா நோட்டுதான் இதுக்குக் காரணம்" என்று முதலாளி மைக் இல்லாத குறையாகச் சொன்னார். எனக்கு இரண்டு துண்டு. ஒன்றைக் குப்புராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐப்பசியில் அந்தப் புதுப் போர்டு அவன் மிஷினுக்கே வந்தது. நான் ஈயம் வைத்த போர்டு.

இந்தச் சித்திரைக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, மூன்றரை மணி. டக், ஒரு மூச்சு, டக், ஒரு மூச்சு. கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் டக்டக். இரண்டு அடி ஒன்றாக விழுந்தது, நடுவில் மூச்சு இல்லை. ஈயம் உருக்குகிற சூட்டுக்கம்பி கையிலிருந்து விழுந்து என் தொடையில் பட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வலிக்கவே இல்லை. ஓடினேன்.

அவன் கத்தவில்லை. நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் முழங்கை வரை மிஷினுக்குள் நீட்டியிருந்தன, யாருக்கோ எதையோ கொடுக்கிற மாதிரி. என்னைப் பார்த்து, "அக்கா, மெயின் ஆஃப் பண்ணு" என்றான். ரொம்ப அமைதியாகச் சொன்னான். அதற்குள் அது மறுபடி ஏறி மறுபடி இறங்கியது. பட்டனை யாரும் தொடவில்லை டீச்சர். யாருமே தொடவில்லை. தானாக இறங்கியது. நான் மெயினை அடித்து நிறுத்துவதற்குள் மூன்று தடவை. மேலே ஏறி நின்றபோதுதான் அவன் கையை வெளியே எடுத்தான். வலது பக்கம் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தகட்டோடு தகடாகக் கிடந்தது. தட்டில் விழுந்த பீஸ்கள் எல்லாம் சிவப்பாக, ஈரமாக. அதைப் பார்த்த பிறகுதான் அவன் கத்தினான். ஆட்டை அறுக்கும்போதுகூட அப்படிக் கத்தாது. என் முந்தானையைக் கிழித்து இரண்டு பக்கமும் கட்டினேன். என் கழுத்தில் அவன் பல் பதிந்தது. கடித்துக்கொண்டே ஆட்டோவில் வந்தான்.

மறுநாள் அவன் செல்போனை எடுக்கப் பட்டறைக்குப் போனேன். மிஷினைப் பார்த்தேன். இடது பட்டனில் சைக்கிள் ட்யூப் கட்டியிருக்கிறது. புது ட்யூப். எண்ணெய்க் கறைகூட இல்லை.

பொன்னுசாமி முதலாளி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், "என்னம்மா பண்றது? பட்டனைக் கட்டாதீங்கடான்னு தலையால அடிச்சுக்கறேன். கேக்க மாட்டேங்கறானுக. கட்டுனான், வாங்கிக்கிட்டான்."

வாங்கிக்கொண்டானாம். நான் போய் அந்த ட்யூபை உருவினேன். அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவர் முகத்தில் வீசினேன். சடார் என்று ஒரு சத்தம். கண்ணுக்குக் கீழே தோல் பிளந்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். விழுந்தவரை விடவில்லை. நெஞ்சில் முழங்காலை வைத்து, "கட்டுனானா? சொல்லுடா, கட்டுனானா?" என்று வீசினேன், வீசினேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். ஒருத்தன் கையைக் கடித்துவிட்டேன். ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். எனக்கு வருத்தமே இல்லை. இன்னும் நாலு அடி கூடப் போட்டிருக்கலாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ட்யூப் இல்லை என்றால் போர்டு. போர்டு என்றால் எங்கள் கம்பெனி. ஆயிரத்துக்கு இரண்டுதான் கெடும், அது எப்படி ஏழு மாதத்தில் என் தம்பி கையில் கெடும்? அப்போது கணக்குப் போட்டவன்தானே தப்பு? இதுகூடவா எனக்குத் தெரியாது?

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். அஸ்வத் சூட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். போர்டைச் சோதிக்கிற ஓவன், எழுபதில் ஓடிக்கொண்டிருந்தது. "வாங்கக்கா, தம்பிக்கு எப்படி…" என்று ஆரம்பித்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நான் மெலிந்தவள்தான், ஆனால் பதினான்கு வருஷம் ஸ்குரூ திருகின கை. ஓவன் கதவைத் திறந்து, அவன் கையை உள்ளே விட்டு, இரும்புத் தட்டின் மேல் அழுத்தினேன். இடுப்பால் கதவைச் சாத்தினேன்.

"எவ்வளவு சூடு சார்? சொல்லுங்க. இப்பக் கணக்குப் போடுங்க. எத்தனை கெடும்? ஆயிரத்துக்கு எத்தனை கை கெடும்?"

"அக்கா! அக்கா விடுங்க! எழுபதுக்கா! எழுபது!"

பெண்கள் எல்லாம் கத்தினார்கள். நான் விடவில்லை. பத்து எண்ணினேன். வாய்விட்டு எண்ணினேன். அவன் முழங்கால் மடிந்து கீழே தொங்கிவிட்டான், கை மட்டும் உள்ளே. அந்த நிலையில் அழுதுகொண்டே என்ன சொன்னான் தெரியுமா? "பெட்டிக்குள்ள நாற்பத்தொண்ணுன்னு நீங்கதானேக்கா எழுதிக் குடுத்தீங்க?"

ஆமாம், எழுதினேன். அதற்கென்ன? நாற்பத்தொன்று இருந்தது, நாற்பத்தொன்று என்று எழுதினேன். கணக்குப் போட்டது யார்? இரண்டாவது ரிலே வேண்டாம் என்றது யார்? நானா?

எனக்கு வேலை போயிற்று. போகட்டும். அவன் கையில் கொப்புளம் கண்டது, ஆனால் என் மேல் புகார் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று யோசித்தீர்களா? குற்றம் உள்ள நெஞ்சு. அதனால்தான் போன வாரம் கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். குப்புராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி பிரேமா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. வந்தால் மறுபடி ஏதாவது செய்துவிடுவேன்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல ட்யூப்தான் காரணம்னு முடிக்கப் போறாங்க" என்று அஸ்வத் சொல்வது கேட்டது. "போர்டு தானாக் கெட்டுதுன்னு நான் சொல்றேன். ஆனா என்ற காகிதத்துலயே ஆயிரத்துக்கு ரெண்டுன்னு இருக்குது. யார் நம்புவாங்க? குப்புராஜண்ணா, அந்த மீட்டர் எங்க? கம்பெனில திருப்பிக் குடுக்கலையே."

"எந்த மீட்டரு?" என்றான் குப்புராஜ்.

பிரேமாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் காகிதம் தேடும்போது பீரோவில் பார்த்திருக்கிறாள். எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். கண்ணாடிக் காகிதம் பிரிக்காமல், வயர் சுற்றினது சுற்றினபடி. அஸ்வத் அந்தக் காகிதத்தைப் பிரித்துக் கட்டில் மேல் போட்டான். அப்புறம் எடுத்துக்கொண்டு போனான். வேறொரு பட்டறையில் இதே மாதிரி மிஷின், இதே போர்டு. அங்கே பெட்டிக்குள் கம்பியை விட்டு, கதவைச் சாத்தி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தானாம். முந்தாநாள் மறுபடி வந்தான்.

"எழுபத்து மூணு" என்றான்.

குப்புராஜ் என்னைக் கூப்பிட்டான். போனேன். "அக்கா, நீ எப்பப் பார்த்தே?"

"டீக்கு, சோத்துக்கு, மறுபடி டீக்கு. உனக்குத் தெரியாதா? உன்ற பக்கத்துல உக்காந்துதான பார்த்தேன்?"

"மிஷின் நின்ன பொறகா?"

"பின்ன? ஓடறபோது கதவைத் தெறந்தா நின்னுருமல்லோ. உன்ற வேலை கெடக்கூடாதுன்னுதான் சாமி."

அவன் அந்த மீட்டரையே பார்த்தான். "இதை வச்சிருந்தா நிறுத்தவே வேண்டாமே அக்கா" என்றான். "கதவைத் தெறக்கவே வேண்டாமே."

"கிரீஸுக் கையோட எவனாச்சும் தொட்டு ஒடைச்சுப்போட்டா? புது சாமான் சாமி. பத்திரமா…"

அப்போதுதான் அடித்தான். கட்டிலிலிருந்து எழுந்தது தெரியவில்லை. முதல் அடியில் பீரோவில் போய் மோதினேன். இரண்டாவது அடியில் அவன் கட்டு அவிழ்ந்துவிட்டது. மூன்றாவதுக்கு ஓங்கினவன், கையைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிரேமா பிடிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அஸ்வத்துதான், "அண்ணா வேண்டாம், அண்ணா வேண்டாம்" என்று நடுவில் விழுந்தான். யாருக்குப் பரிந்துகொண்டு யார் வருகிறார்கள் பாருங்கள்.

வலியில் அடித்திருப்பான். மருந்தின் வேகம். இத்தனை நாள் அடக்கி வைத்தது. இல்லையென்றால் நான் என்ன செய்தேன்? அவன் வேலை நிற்கக்கூடாது என்று பார்த்தேன். சாமான் உடையக்கூடாது என்று பார்த்தேன். சில சமயம் ஒரு நினைப்பு வரும், இல்லை என்று சொல்லவில்லை. வந்தால் உடனே எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன். இந்த இரண்டு நாளில் வீட்டில் தேய்க்கப் பாத்திரமே மிச்சமில்லை.

இன்றைக்கு இன்ஸ்பெக்டர் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அஸ்வத் எழுதிப்போட்டிருக்கிறான். காலையில் கிளம்பும்போது குப்புராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "நான் கட்டல அக்கா. நான் கட்டலைங்கறது உனக்குத் தெரியும். எப்பப் பார்த்தேங்கறத மட்டும் அங்க சொல்லிரு. அது போதும். அதைச் சொல்லாம வூட்டுக்கு வராதே."

சொல்லமாட்டேனா? மறைக்க என்ன இருக்கிறது? நோட்டும் இருக்கிறது, மீட்டரும் இருக்கிறது. ஐயா, மிஷின் நின்ற பிறகுதான் பார்த்தேன், ஆறவிட்டுத்தான் பார்த்தேன், ஒரு நாளும் அவன் வேலையைக் கெடுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்வேன். எழுதிக்கொள்ளுங்கள் என்பேன், கைநாட்டு இல்லை, கையெழுத்தே போடுவேன். ட்யூப் கட்டினான் என்று ஒருத்தன் சொல்லக்கூடாது என் தம்பியை. என்னை என்ன சொன்னாலும் சொல்லட்டும். என்னைச் சொல்ல என்ன இருக்கிறது?

ஏன் டீச்சர் என் மடியில் இருக்கிற பையையே பார்க்கிறீர்கள்?

மீட்டரா? பாருங்களேன். இருங்கள், துண்டைப் பிரிக்கிறேன். இதோ. அஸ்வத் கொண்டுவந்ததும் துடைத்து மறுபடி அதே கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிவிட்டேன். ஒரு கீறல் இருக்கிறதா? இல்லையே. இந்தப் பட்டனை அழுத்தினால் நம்பர் வரும். முப்பத்தெட்டு என்கிறது பாருங்கள், இது நம் சீட்டின் சூடு.

இன்ஜின் மூடி மேலா? கம்பியை அதன் மேல் வைக்கச் சொல்கிறீர்களா? இப்போதா? வேண்டாம் டீச்சர், வண்டி இந்தக் குலுக்குக் குலுக்குகிறது, கை தவறி விழுந்தால் போயிற்று. டிரைவர் வேறு முறைக்கிறார். இன்னும் நாலு ஸ்டாப்தான். ஸ்டாண்டு வரட்டும். வண்டி நின்று, இன்ஜினை அணைத்து, கூட்டமெல்லாம் இறங்கட்டும். அப்புறம் நிதானமாக வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.